பித்தளை எஞ்சினின் விசில்

வெற்றிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காசிமேட்டில் இது ஊரறிந்த சங்கதி. டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கும்போதே அவன் செருப்பு அடுத்த வேலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கல்யாணப் பந்தியில் பிடித்து உட்கார வைத்தால், ரசம் வருவதற்குள் எழுந்துபோய் மண்டபத்து ஜெனரேட்டர் ஏன் இருமுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஐம்பதைத் தொட்டும் அடங்கவில்லை. "எங்க கல்யாணத்துல எங்க நைனா இந்தாளு கையப் புடிச்சிக்கினேதான் நின்னாரு, தாலி கட்டறதுக்கு முன்னாடி எங்கனா பூடப் போறான்னு" என்று அவன் மனைவி முத்தம்மாவே நாலு பேர் கேட்கச் சொல்வாள்.

அப்பேர்ப்பட்ட ஆள் அந்த வருஷ மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஒரு பொம்மையின் முன்னால் குந்திக்கொண்டிருந்தான். நிம்மதியாக அல்ல, கொதிக்கிற எண்ணெயில் விழுந்தவன் மாதிரி.

பொம்மை என்றால் சாவி கொடுத்து ஓடுகிற பொம்மை இல்லை. நிஜ நீராவி எஞ்சின். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் பிஸ்டன், சிவப்புச் சக்கரம், தலையில் குட்டியாக ஒரு விசில். தண்ணீர் ஊற்றி விளக்கைக் கொளுத்தினால் ஆவி கட்டும், சக்கரம் சுற்றும். எல்லாம் சரியாகத்தான் சுற்றியது. விசில் மட்டும் ஊதவில்லை. அதன் பிடியைத் தட்டினால் வெள்ளையாக ஆவி பீறிட்டது, சத்தம் இல்லை. கழற்றினான், குடைந்தான், அரத்தால் ராவினான், மறுபடி பூட்டிக் கொதிக்கவைத்துத் தட்டினான். ஆவிதான் வந்தது.

"சனியனே, வாயத் தொறயேன்" என்று அதைத் திட்டினான்.

வெற்றிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. எஞ்சின் என்றால் அவன் பேச்சைக் கேட்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அவன் அப்பா கட்டுமரக்காரர். மகனையும் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். அலை அவனை ஒன்றும் செய்யவில்லை. வலையைப் போட்டுவிட்டு மீனுக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஒத்துவரவில்லை. கரையேறி விசைப்படகு எஞ்சின் பட்டறையில் சேர்ந்தான். நடுவில் கொஞ்ச காலம் காட்டுப்பள்ளியில் கப்பல் வேலைக்குப் போனான். அங்கே ஒரு போல்ட்டைத் திருகுவதற்கு யார் யாரோ வந்து பார்க்க வேண்டும் என்று பொறுமை இழந்து திரும்பி வந்துவிட்டான்.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காது. ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். அந்தச் சில நிமிடம்தான் அவன் உடம்பு அசையாமல் நிற்கும். பிறகு சொல்வான்: "மூணாவது சிலிண்டரு. டேப்பட் லூசு." திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். தடைக்காலம் முடிந்து படகுகள் முதல்முறை கிளம்பும்போது, ஐஸ் ஏற்றியாச்சா, டீசல் போட்டாச்சா என்று கேட்கிற வரிசையில், "வெற்றி காது வெச்சுட்டானா?" என்பதும் ஒரு கேள்வியாகவே ஆகிவிட்டிருந்தது.

பொம்மை எஞ்சின் பைத்தியம் பிடித்தது ஜீஷானால். ஜீஷான் திருவொற்றியூரில் காயலான் கடை வைத்திருப்பவன், வெற்றியின் பழைய தோஸ்து. துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பழைய இரும்பும் பித்தளையும் கன்டெய்னரில் வரும். அதில் ஒரு பங்கு ஜீஷான் கடைக்கும் வரும். ஒருநாள் பித்தளைக் குவியலிலிருந்து நசுங்கிப்போன ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இன்னா மச்சி இது, கொசுவுக்கு செஞ்ச கப்பல் என்ஜினா?"

வெற்றி அதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டான். இறுகிக் கிடந்த பிஸ்டன் ஊறி ஊறி, ஒருநாள் விரலுக்கு அசைந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான். அதற்குப் பிறகு ஜீஷான் எதை உருக்கப் போட்டாலும் பொம்மை எஞ்சினை மட்டும் தனியாக எடுத்துவைத்துவிடுவான்.

பெயின்ட் வேலைதான் வெற்றியைப் படாதபாடு படுத்தும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் போதும், ஈர பெயின்ட் மேல் கரித்தூள் கடுகு தாளித்த மாதிரி வந்து உட்காரும். அதனால் சோற்றுக்கு ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடையை முத்தம்மாவின் அடுக்களையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து, மேலே ஈர வேட்டியைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு பெயின்ட் அடித்தான். பூசியதை அவளுடைய இரும்பு வாணலியில் மணல் பரப்பிச் சுட்டு இறுக்கினான். "மீனு வறுத்தா தின்னர் வாசன வருது, நீயே துன்னு" என்று அவள் வாணலியை அவன் பக்கமே தள்ளிவிட்டாள். அவள் புது வாணலி வாங்கிக்கொண்டாள். அவன் கூச்சமே இல்லாமல் பழையதைத் தனதாக்கிக்கொண்டான்.

ஒரு விஷயத்தில் அவன் மசியமாட்டான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் அது பிறந்தபோது இருந்த நிறம்தான். போல்ட்டைக் கழற்றினால் அதன் தலைக்கு அடியில், வெயிலும் தண்ணீரும் படாத ஒரு வட்டத்தில், பழைய பெயின்ட் புத்தம் புதிதாக இருக்கும். அதைப் பார்த்துக் கலந்து கலந்து அதே நிறம் வரும்வரை விடமாட்டான்.

படகு முதலாளி திருமலை இந்தச் சிவப்புச் சக்கர எஞ்சினைப் பார்த்ததும் மயங்கிப்போனார். முத்தம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. அவருடைய 'அங்காளம்மன்' படகின் எஞ்சினை அந்தத் தடைக்காலத்தில் வெற்றிதான் முழுசாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் வெற்றி, இத்த எனுக்குக் குடுத்துடு. மொத நாளு பூச போட்டுக் கெளம்பச் சொல்ல நம்ம போட்டுல இது ஊதணும். சக்கரத்துக்கு மட்டும் போட்டு கலரு, நீலம் அடிச்சுடு."

"நீலமெல்லாம் ஆவாது மாமா. அது செவப்பாப் பொறந்தது. ஆனா ஊதும். நான் கேரண்டி."

அப்படி வாக்குக் கொடுத்துவிட்டான். இப்போது விசில் ஊத மறுத்தது.

நாள் நெருங்க நெருங்க அவன் வேகம் கூடியது. காலையில் படகுத்துறையில் திருமலையின் எஞ்சின். சாப்பிட வந்தால் சாப்பாடு ஒரு கை, விசில் ஒரு கை. துளையைப் பெரிசாக்கினால் ஊதுமோ என்று ராவினான். அதிகமாகிவிட்டதோ என்று ஈயம் வைத்து அடைத்தான். மறுபடி ராவினான். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பிடியைத் தட்டினான் என்று அவனுக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டதைப் பார்த்தான். ஸ்பிரிட் வாசனை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

நடுவில் குக்கர் சண்டை வேறு. முத்தம்மா ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்பவள். போகும்போது அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு, "மூணு விசில் வந்தா அமத்திடு" என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் குக்கர் கருகித் தீய்ந்த வாடை தெருமுனைக்கு வரும். வெற்றி அதே வீட்டில், அதே அறையில், எஞ்சினைக் குடைந்துகொண்டிருப்பான்.

"அந்த பொம்மைக்குக் குடுக்கற காத கொஞ்சம் அடுப்புக்குக் குடுத்தா இன்னாய்யா கொறஞ்சு பூடுவ?"

"விசில் வரவே இல்ல. வெயிட்ட ஒழுங்காப் போடுடி மொதல்ல."

"பக்கத்து வூட்டுல குந்தினுகீற கெழவிக்குக் கேட்டுதாம். ஒனுக்கு வரலயா? எம்மேல அம்மாம் அலட்சியம் ஒனுக்கு."

அவள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெற்றிக்கு உண்மையிலேயே ஆத்திரம். வராத விசிலை வந்தது என்கிறாளே என்று மனசுக்குள் கருவிக்கொண்டே அரத்தை எடுத்தான்.

முடிச்சை அவிழ்த்தது ஜீஷான். தெரிந்து செய்யவில்லை. வேறொரு பித்தளைக் குழாய் கிடைத்ததைக் கொடுக்க வந்தவன், எஞ்சின் கொதிப்பதைப் பார்த்துக் கிட்டே குனிந்தான். வெற்றி பிடியைத் தட்டினான்.

ஜீஷான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் தாவினான். முகம் கோணிப்போயிற்று. "அடப் பேமானி! காது கிழிஞ்சு பூச்சுடா! சொல்லிட்டு ஊதமாட்டியா?"

வெற்றியின் கை பிடியிலேயே இருந்தது. ஆவி வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. ஜீஷானின் குரல் கேட்டது, தெருவில் லாரி போவது கேட்டது, ஆவி மட்டும் ஊமையாக வந்தது.

"இன்னா மச்சி அப்டி மொறைக்கற?"

"ஒண்ணுல்ல" என்று சிரித்தான் வெற்றி. அந்தச் சிரிப்பு அவனுக்கே அசிங்கமாக இருந்தது. "சும்மா, எப்டி கீதுன்னு பாத்தேன்."

ஜீஷான் போனதும் வெற்றி தெருவில் இறங்கினான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தான். ராயபுரம் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயில் வைத்தான். கன்னம் உப்பியது. சத்தம் இல்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தது, அதற்கும் கன்னம் உப்பியது, அதுவும் போயிற்று. வெற்றி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மறுபடி நடந்தான்.

பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அடித்தது. ஜீஷான் கொடுத்த முதல் எஞ்சினின் விசில் கணீரென்று இருந்தது. அதற்கடுத்தது கொஞ்சம் மெலிசு. அதற்கடுத்தது இன்னும் மெலிசு. போகப் போக மட்டமான சரக்கு வருகிறது என்று எஞ்சின்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் ஊதியிருக்கின்றன. தேய்ந்தது இவன்.

பட்டறையில் சேர்ந்த நாள்முதல் டீசல் எஞ்சினின் தலைமாட்டிலேயே வாழ்ந்த காது அது. அடிக்கிற சத்தம், இடிக்கிற சத்தம் எல்லாம் இன்னும் கேட்கும். கீச்சென்று வருகிற மெலிசுச் சத்தம் போய்விட்டது. எஞ்சினில் வினை கீச்சென்றுதானே முதலில் எட்டிப் பார்க்கும்? திருமலையின் படகில் நாளை மறுநாள் காது வைக்க வேண்டும். அந்தக் காதை நம்பி ஆட்கள் பத்துப் பதினைந்து நாள் கரை தெரியாத கடலில் கிடப்பார்கள். வெளியே சொன்னாலோ பிழைப்பு போச்சு. செவிட்டு மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்?

அடுத்த நாள் அவன் அரத்தைத் தொடவில்லை. வீட்டுக்கும் துறைக்கும் இடையே சும்மா அலைந்தான். முத்தம்மா கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான்.

காது வைக்கும் நாள் வந்தது. 'அங்காளம்மன்' புது பெயின்ட்டில் பளபளவென்று துறையில் ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓடவிட்டார்கள். படகு ஆட்கள் சுற்றி நின்றார்கள். திருமலை கையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார். வெற்றி ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிப் பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்தான்.

தடதடவென்று நல்ல தாளம். டேப்பட் சரி. பேரிங் சரி. இடிக்கிற எதுவும் இல்லை. கேட்பதெல்லாம் சுத்தமாக இருந்தது. கேட்காதது என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. 'சரியாகீது மாமா' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

கண்ணைத் திறந்தான். கூட்டத்தில் நின்ற ஆட்களைப் பார்த்தான். அவர்களில் யாரையாவது காது வைக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அத்தனை பேரும் எஞ்சினோடு எஞ்சினாகக் கிடந்தவர்கள். பக்கத்தில் நின்றே கத்திப் பேசுகிறவர்கள். அந்தப் படகில் எல்லாருமே அரைச் செவிடு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துறைமேல் முத்தம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முத்தம்மா, ஏறி வா" என்றான்.

திருமலை முகம் சிவந்தது. "இன்னாடா சொல்ற? போட்டுல பொம்பள ஏறுவாளா? அதுவும் கெளம்பப் போற நேரத்துல!"

"எனுக்குக் கேக்கல மாமா."

"இன்னாது?"

"மெலிசாக் கீற சத்தம் எதுவும் எனுக்குக் கேக்கல. காது பூச்சு. எப்போ பூச்சுன்னு தெரியல. முந்தாநாளுதான் தெரிஞ்சுது. இது நல்லாகீதுன்னு நான் சொன்னா அது பொய்யி. அவ காது நல்ல காது. அவ வெச்சுப் பாக்கட்டும்."

முத்தம்மா துறை விளிம்புக்கு வந்திருந்தாள். அவள் முகம் மாறியது.

"அப்போ குக்கரு...?" என்றாள்.

வெற்றி தலையைக் குனிந்துகொண்டான்.

"அய்யோ, நான் ஒன்ன வாயில வந்ததெல்லாம் சொன்னேனேய்யா" என்றாள். புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு படகின் விளிம்பில் கை வைத்தாள். திருமலை குறுக்கே வந்தார்.

"தள்ளு மாமா. ஆத்தா பேர போட்டு நெத்தியில எழுதிக்கினு, பொம்பள ஏறக்கூடாதுன்னு சொல்றியே, அவ இன்னா ஆம்பளயா?" என்றாள் முத்தம்மா.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். திருமலை ஒதுங்கினார். முழு மனசாக இல்லை. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் ஒதுங்கினார்.

வெற்றி அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் சரியாக வைத்தான். முனையை ஒவ்வொரு இடமாகத் தானே நகர்த்தினான். "இன்னா கேக்குதோ சொல்லு. வாயில வர்றத சொல்லு."

"தடதடன்னு கீது... இங்கயும் அதான்... இரு இரு." அவள் கையைத் தூக்கினாள். "இங்க உள்ள என்னமோ சீறுது. குக்கர்ல காஸ்கெட்டு பூட்டா விசிலுக்கு முன்னாடி ஓரமாச் சீறுமே, அந்த மாரி. வுட்டு வுட்டு வருது."

அது நாலாவது இன்ஜெக்டர். வெற்றி சோப்புத் தண்ணீரை அதன் அடியில் விட்டான். விட்டு விட்டு நுரை பொங்கியது. எஞ்சினை நிறுத்திக் கழற்றியபோது, அடியில் இருந்த செப்பு வாஷர் ஒருபக்கம் விரிசல் விட்டிருந்தது. அவனே போட்ட வாஷர்தான். நடுக்கடலில் போயிருந்தால் எஞ்சின் மூச்சு முட்டி நின்றிருக்கும். திருமலை அந்த வாஷரை வாங்கிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், துறைக்கு ஏறிப்போய் முத்தம்மாவின் மீன்கூடையைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார்.

அன்று மாலை வீட்டில் விசில் வேலை தொடர்ந்தது, இந்த முறை இரண்டு பேராக. முத்தம்மாதான் முதல் இடியைப் போட்டாள்.

"மொத நாளு அது சோக்கா ஊதிச்சுய்யா. மெலிசா, சின்ன பட்சி கூவற மாரி. கொரலு புடிக்காமத்தான் ராவறன்னு நெனச்சேன், நீதான் ராவி ராவி நாஸ்தி பண்ணிட்ட. இப்போ ஆணிய வெச்சு தட்டு மேல கீறுன மாரி கீது."

நன்றாக இருந்ததைக் கெடுத்தது தன் கைதான் என்பது காதைவிட அதிகமாக வலித்தது அவனுக்கு. ஜீஷான் கொடுத்த பித்தளைக் குழாயை எடுத்தான். புது விசில் செய்வதென்று உட்கார்ந்தான். குழாய் நீளமாக இருந்தால் குரல் தடிக்கும், குட்டையானால் மெலியும். முதலில் நீளமாகவே விட்டு வாயைச் சீவிப் பூட்டிக் கொதிக்கவைத்துத் தட்டினான்.

கேட்டது. எங்கோ தூரத்தில் கப்பல் கூவுகிற மாதிரி, மெல்ல, ஆனால் கேட்டது. வெற்றிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அவன் முகத்தைப் பார்த்தே முத்தம்மா புரிந்துகொண்டாள். "கேக்குதா? அப்போ இப்டியே உட்டுடுய்யா. இது போதும்."

அவன் இன்னொரு தடவை தட்டினான். இன்னொரு தடவையும். எழுந்து வாசல்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பிறகு உட்கார்ந்து, ராவிக் கெடுத்த பழைய விசிலை எடுத்துப் புதுக் குழாயின் பக்கத்தில் வைத்து, அதன் நீளத்துக்குக் கோடு கீறினான்.

"இன்னாய்யா பண்ற?"

"இது அதோட கொரலு இல்ல முத்தம்மா. நீலம் அடிச்ச மாரி கீது."

ரம்பத்தை வைத்து அறுத்தான். அதற்குப் பிறகு அவன் ராவினான், அவள் கேட்டாள். "கொஞ்சம் கீச்சுனு கீது... இப்போ காத்து ஜாஸ்தி... தோ, தோ, அதான்! மொத நாளு இருந்தது அதான்!" அவனுக்கு ஆவிதான் வந்தது.

கிளம்பும் நாள் விடியலில் துறை முழுக்கச் சனம். 'அங்காளம்மன்' மூக்கில் மாலையும் எலுமிச்சம்பழமும் தொங்கின. மேல்தளத்தில் சிவப்புச் சக்கரத்தோடு பொம்மை எஞ்சின் சூடம் வாசனைக்கு நடுவே கொதித்துக்கொண்டிருந்தது. திருமலை தேங்காயை உடைத்துவிட்டு, "ஊதுடா" என்றார்.

வெற்றி எஞ்சினைப் பார்க்கவில்லை. துறைமேல் பெண்களுக்கு நடுவே நின்ற முத்தம்மாவைப் பார்த்துக்கொண்டே பிடியைத் தட்டினான். இப்போதெல்லாம் வீட்டில் குக்கர் விசிலை அவனுக்கு எண்ணிக் காட்டுவது போலவே அவள் ஒரு விரலைத் தூக்கினாள். மறுபடி தட்டினான். இரண்டாவது விரல். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். அந்தச் சத்தமெல்லாம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. மூன்றாவது விரல் எழுந்ததும் வெற்றி விளக்கை அமர்த்தினான்.